கட்டா, ஆபரேஷனா? நின்று வேலை பார்ப்பவர்களின் ஆறாத கால் புண்

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில், காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம் நின்று பாருங்கள். அவசரமாக இறங்கி ஓடுகிற கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் மட்டும் ஒரு காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடப்பார்கள். பேன்ட் விளிம்புக்குக் கீழே அழுக்கேறிய க்ரேப் பேண்டேஜ் எட்டிப் பார்க்கும். “என்னண்ணே கால்ல?” என்று கேட்டால், “அது ஒண்ணுமில்லப்பா, பழைய புண்ணு. நாலு வருஷமா இருக்கு, வரும் போகும்” என்று பதில் வரும்.

நாலு வருஷமாக இருக்கிற ஒரு புண்ணை ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லப் பழகியிருக்கிறோம் என்பதுதான் இதில் கொடுமை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற வேலைகளை யோசித்துப் பாருங்கள். லேத் பட்டறையில் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ‘செக்கிங்’ டேபிளில் இருக்கிற பெண்கள் நின்றபடியேதான் துணியைப் புரட்ட வேண்டும். கண்டக்டர், டிராஃபிக் போலீஸ், செக்யூரிட்டி, பரோட்டா மாஸ்டர், ஜவுளிக்கடை சேல்ஸ் கேர்ள் என்று யாரை எடுத்தாலும், கால்தான் முதலீடு. அந்தக் காலில் சிரை கெட்டுப் புண் வந்துவிட்டால், அவர்கள் முன்னால் வந்து நிற்கிற முதல் கேள்வி இதுதான்: கட்டு போட்டு ஆற்றுவதா, ஆபரேஷன் செய்துகொள்வதா? ஒரு டாக்டர் “கட்டுப் போட்டாலே ஆறிடும்” என்பார். இன்னொருவர் “லேசர் பண்ணாம ஆறவே ஆறாது” என்பார். கேட்கிறவருக்குத் தலை சுற்றும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். புண்ணை ஆற்றுவது கட்டு. ஆறிய புண் திரும்ப வராமல் தடுப்பதில் பெரிய கை ஆபரேஷனுடையது. இரண்டும் வேறு வேறு வேலையைச் செய்கின்றன. ‘இதுவா, அதுவா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எது எப்போது?’ என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

உங்கள் புண் அந்தப் புண்தானா?

நாம் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று சொல்வோமே, அது உண்மையில் நரம்பு இல்லை. காலில் இருந்து இதயத்துக்கு அசுத்த ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை. இந்தப் பெயர்க் குழப்பத்தால் நரம்பு டாக்டரைத் தேடிப் போய்ப் பணத்தையும் மாதங்களையும் தொலைத்தவர்கள் உண்டு. போக வேண்டியது பொது அறுவை சிகிச்சை நிபுணரிடம். இன்னும் சரியாகச் சொன்னால், ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரிடம்.

சிரையால் வரும் புண் பெரும்பாலும் கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக வரும். சுற்றியுள்ள தோல் காபித்தூள் கொட்டினாற்போல் கறுத்துப் பழுப்பாகி, தடித்து இருக்கும். அரிப்பு இருக்கும். புண் ஆழமாக இருக்காது. ஆனால் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் பரந்து, நீர் வடிந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் வீக்கமும் வலியும் அதிகமாகும்; காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் குறையும்.

சர்க்கரைப் புண் வேறு மாதிரி. அது பெரும்பாலும் உள்ளங்காலிலோ விரலிலோ வரும். மரத்துப்போனதால் வலியே தெரியாது. சுத்த ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டு வரும் புண் இன்னொரு ரகம். விரல் நுனி கறுக்கும், பாதம் சில்லென்று இருக்கும், ராத்திரி வலி உயிர் போகும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் நிம்மதி. ‘தூக்கினால் சுகமா, தொங்கவிட்டால் சுகமா?’ என்ற இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்து டாக்டரிடம் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் நம்மூரில் சர்க்கரை, பீடி, வெரிகோஸ் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது சகஜம். அதனால் பார்வையை மட்டும் நம்பி முடிவு எடுக்கக் கூடாது.

ஏன் ஆற மாட்டேங்குது?

காலில் இருக்கிற ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். அதற்கு நம் ஆடுசதைதான் மோட்டார். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கி, ஆழத்தில் இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளின ரத்தம் திரும்பிக் கீழே இறங்காமல் இருக்கச் சிரைக்குள் குட்டிக் குட்டி வால்வுகள் இருக்கின்றன. மோட்டார் பம்ப் குழாயில் ‘ஃபுட் வால்வு’ போடுவோமே, அதே கணக்கு. வால்வு போனால் ஏற்றின தண்ணீர் அத்தனையும் திரும்பக் கிணற்றுக்குள்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைக்குள் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். ஆரோக்கியமான காலில், நாலு எட்டு நடந்ததுமே அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. நாள் முழுக்க அந்த அழுத்தத்திலேயே இருக்கும் தோலுக்குள் நீரும் ரத்த அணுக்களும் கசிந்து, அதன் இரும்புச்சத்து படிந்து தோல் பழுப்பாகிறது. அப்புறம் ஒரு கொசுக்கடி போதும், சைக்கிள் பெடல் உரசினால் போதும், புண் திறந்துவிடும். உள்ளே அழுத்தம் குறையாதவரை அது மூடாது.

இது புரிந்தால் இன்னொன்றும் புரியும். மேலே எந்தப் பவுடரைத் தூவினாலும், எந்தக் களிம்பைத் தடவினாலும், கெட்டுப்போனது மேலே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்ட்டிபயாடிக் பவுடர் புண்ணின் மேல் பொருக்காக இறுகும், அவ்வளவுதான். அதில் அடிக்கடி சேர்க்கப்படும் நியோமைசின் என்ற மருந்து, ஏற்கெனவே நொந்திருக்கும் இந்தத் தோலில் அலர்ஜியைக் கிளப்புவதில் பேர்போனது. காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், திடீரென்று கூடும் வலி என்று தொற்றுக்கான அடையாளம் இல்லாமல் ஆன்ட்டிபயாடிக் மாத்திரையாலும் புண் சீக்கிரம் ஆறாது. விலை உயர்ந்த ‘ஸ்பெஷல்’ டிரஸ்ஸிங்குகளும் அப்படித்தான். சரியான அழுத்தக் கட்டு மேலே இருந்தால், அடியில் ஒட்டாத சாதாரண டிரஸ்ஸிங்கே பெரும்பாலும் போதும்.

கட்டு என்றால் எந்தக் கட்டு?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் “கட்டு போட்டுப் பார்த்துட்டேன் சார், ஆறல” என்று சொல்கிறவர்களில் பலர் போட்டது அழுத்தக் கட்டே இல்லை. புண்ணை மூடப் பஞ்சும் துணியும் வைத்துச் சுற்றியது. அது டிரஸ்ஸிங். வெளியே இருந்து காலை அமுக்கிப் பிடித்து, சிரையின் விட்டத்தைக் குறைத்து, ஆடுசதை சுருங்கும்போது அதற்கு ஒரு சுவர் மாதிரி நிற்பதுதான் அழுத்தக் கட்டு. கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், மேலே போகப்போகக் குறைவு என்பதுதான் இலக்கு. ஒரே இழுவையில் சுற்றிக்கொண்டு போனால் மெலிந்த கணுக்காலில் அழுத்தம் கூடுதலாகவும், பருத்த ஆடுசதையில் குறைவாகவும் தானாகவே அமைந்துவிடும்.

1980-களில் லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் உருவான நான்கு அடுக்குக் கட்டு இந்தச் சிகிச்சையின் அளவுகோலாக இருந்துவருகிறது. முதலில் பஞ்சு, அதன் மேல் க்ரேப், பிறகு எலாஸ்டிக், கடைசியில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் கட்டு. வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். ஓர் அடுக்கைவிடப் பல அடுக்குக் கட்டு நன்றாக ஆற்றுகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெளிவாகிவிட்ட விஷயம்.

நம் வீடுகளில் நடக்கும் தப்புகள் இரண்டு. ஒன்று, புண் இருக்கிற இடத்தை மட்டும் சுற்றி இறுக்குவது. அது சுருக்குக் கயிறு மாதிரி வேலை செய்து, கீழே பாதத்தை வீங்க வைக்கும். இன்னொன்று, காலையில் வேலையெல்லாம் முடித்து, கால் வீங்கின பிறகு கட்டுவது. சரியான முறையில், படுக்கையிலிருந்து எழுந்த கையோடு, பாதத்தைச் செங்குத்தாக மடக்கி வைத்து, விரல்களின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். குதிகாலை விடாமல் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி வரை ஏற வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் பஞ்சு வைக்க வேண்டும். முதல் சில தடவை டாக்டரோ, பழகிய நர்ஸோ கட்ட, வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது நல்லது. விரல் நீலமாகிறது, மரத்துப்போகிறது, வலி பொறுக்கவில்லை என்றால் யாரையும் கேட்காமல் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

“கட்டெல்லாம் முடியாதுங்க, ஷூ மாட்ட முடியல” என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2014-ல் லான்செட் இதழில் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 457 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு நான்கு அடுக்குக் கட்டும், பாதிப் பேருக்கு இரண்டு அடுக்கு அழுத்த ஸ்டாக்கிங்ஸும் கொடுத்தார்கள். புண் ஆறுவதற்கான இடைநிலைக் காலம் கட்டில் 98 நாள், ஸ்டாக்கிங்ஸில் 99 நாள். வித்தியாசமே இல்லை. ஆனால், ஸ்டாக்கிங்ஸ் பிடிக்காமல் நடுவில் வேறு சிகிச்சைக்கு மாறியவர்கள் அதிகம். நீர் நிறைய வடிகிற பெரிய புண்ணுக்கு முதலில் கட்டு, வடிதல் குறைந்ததும் ஸ்டாக்கிங்ஸ் என்று போவது பலருக்கும் ஒத்துவரும்.

லண்டனில் கண்டுபிடித்த கட்டு, சென்னைக் கத்திரி வெயிலில் என்ன ஆகும்? வேர்க்கும், அரிக்கும், நாறும். மே மாதம் தகரக் கூரை பட்டறைக்குள் நாலு அடுக்கோடு நின்று பார்த்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். இதை ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று டாக்டர்கள் ஒற்றை வரியில் எழுதிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காக மொத்தமாக அவிழ்த்துப் போடுவதும் வழி இல்லை. வெயில் காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றித் தரச் சொல்லலாம், அடுக்கைக் குறைக்கலாம், கொஞ்சம் குறைவான அழுத்தத்துக்கு மாறலாம். தாங்க முடியாமல் கழற்றி வீசப்பட்ட 40-ஐவிட, நாள் முழுக்கக் காலில் இருக்கிற 25 நிச்சயம் மேல்.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமனி அடைபட்ட காலில் இறுக்கிக் கட்டினால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்று காலே அழுகக்கூடும். அதனால் அழுத்தக் கட்டுக்கு முன்னால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.8-க்கு மேல் இருந்தால் முழு அழுத்தம் கொடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் குறைந்த அழுத்தம், அதுவும் ரத்தக்குழாய் நிபுணரின் கண்காணிப்பில். 0.5-க்கும் கீழே என்றால் அழுத்தக் கட்டு கூடாது. முதலில் தமனி அடைப்பைக் கவனிக்க வேண்டும். பல வருஷச் சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பது நம்பகமானது. இதயம் பலவீனமாக இருப்பவர்களும் கட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

பீடி, சிகரெட் பழக்கம் இருப்பவர்கள், நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொண்டு நின்றால் விடுகிறது என்பவர்கள், மெடிக்கல் ஷாப்பில் ஸ்டாக்கிங்ஸ் வாங்கித் தாங்களாகவே மாட்டிக்கொள்ளவே கூடாது.

ஆபரேஷன் தரப்பில் என்ன இருக்கிறது?

ஆபரேஷன் என்றதும் தொடையிலிருந்து கணுக்கால் வரை கிழித்துத் தைப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பழைய முறையில் தொடை இடுக்கில் கெட்ட சிரையைக் கட்டி, அதை உருவி எடுப்பார்கள். இப்போதும் செய்கிறார்கள், நன்றாகச் செய்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் கடந்த 20, 25 வருஷங்களில் வேறு வழிகள் முன்னுக்கு வந்துவிட்டன. முழங்கால் பக்கம் ஊசி குத்தி, சிரைக்குள் மெல்லிய குழாயை விட்டு, லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் உள்ளேயே அதைச் சுருக்கி மூடிவிடுவார்கள். சிரையைச் சுற்றி மட்டும் மரத்துப்போகும் மருந்து, அன்றைக்கே நடக்கலாம். நுரை மாதிரி மருந்தை ஊசியில் ஏற்றி மூடும் முறையும் உண்டு; செலவு குறைவு, ஆனால் திரும்பச் செய்ய வேண்டி வரலாம். பசை வைத்து ஒட்டும் முறையும் வந்திருக்கிறது.

“சிரையையே மூடிட்டா ரத்தம் எப்படிங்க மேலே போகும்?” இது எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. மூடுவது தோலுக்கு அடியில் இருக்கும் கெட்டுப்போன சிரையை மட்டும்தான். ரத்தத்தில் பெரும்பங்கு ஆழத்தில் இருக்கும் சிரைகள் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் டாப்ளர் ஸ்கேன் இல்லாமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது. பழைய ரத்த உறைவால் ஆழச் சிரை அடைபட்டிருந்தால், மேல் சிரைதான் அந்தக் காலுக்கு மாற்றுப் பாதை. அதை மூடுவது, மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கும்போது சர்வீஸ் ரோட்டையும் அடைக்கிற கதை. வால்வு ஒழுகுகிறதா என்று பார்க்கும் ஸ்கேனை நிற்க வைத்து எடுக்க வேண்டும். படுக்க வைத்து மட்டும் எடுத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆபத்தே இல்லாத சிகிச்சை இல்லை. கன்றிப்போவது, தோலில் கொஞ்ச நாள் மரமரப்பு, அபூர்வமாக ஆழச் சிரையில் ரத்த உறைவு இதிலும் உண்டு.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய இரண்டு பெரிய ஆய்வுகள் பிரிட்டனில் நடந்தன. ‘எஸ்கார்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதல் ஆய்வு 2004-ல் லான்செட்டில் வந்தது. 500 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு அழுத்தக் கட்டு மட்டும், இன்னொரு பிரிவுக்கு அழுத்தக் கட்டோடு சிரை அறுவை சிகிச்சையும். 24 வாரத்தில் இரண்டு பிரிவிலும் 65 சதவிகிதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. அதாவது, ஆற்றுவதில் ஆபரேஷன் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஆறின பிறகு ஒரு வருஷத்தில், கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவிகிதம் பேருக்குப் புண் திரும்ப வந்தது. ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 12 சதவிகிதம். நாலு வருஷக் கணக்கு 2007-ல் வந்தபோது அது 56-க்கு 31 என்று இருந்தது.

நாலு வருஷத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது என்றால், எஸ்டேட் அண்ணன் சொன்ன ‘வரும் போகும்’ எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

அடுத்து ‘எவ்ரா’ ஆய்வு, 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. 20 மையங்களில் 450 பேர். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பிரிவுக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே லேசர், நுரை போன்ற முறைகளில் கெட்ட சிரையை மூடினார்கள். மற்றவர்களுக்குப் புண் ஆறும்வரை, அல்லது ஆறு மாதம் வரை தள்ளிப்போட்டார்கள். சீக்கிரம் செய்தவர்களுக்குப் புண் ஆற 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். இதுவும் இடைநிலைக் கணக்குதான். சிலருக்கு இதைவிடக் கூடவும் ஆகும். முதல் வருஷத்தில் புண் இல்லாமல் இருந்த நாட்கள் 306-க்கு 278.

‘முதல்ல புண்ணு ஆறட்டும், அப்புறம் ஆபரேஷன் பாத்துக்கலாம்’ என்று சொல்லி அனுப்புவது நம்மூரில் நெடுநாள் பழக்கம். எவ்ரா வந்த பிறகு அந்த வாக்கியம் பழசாகிவிட்டது. மேல் சிரை கெட்டு, ஆழச் சிரை திறந்திருக்கிற ஒருவருக்குப் புண் இருக்கும்போதே சிரையை மூடலாம். சீக்கிரம் மூடினால் சீக்கிரம் ஆறும். ஆனால் கவனியுங்கள், அந்த 56 நாள் கட்டோடு சேர்ந்து வந்த 56. லேசர் செய்துவிட்டுக் கட்டைத் தூக்கிப் போட்டவர்களின் கணக்கு அதில் இல்லை. ‘ஒரே நாளில் லேசர், மறுநாள் வேலை’ என்று பஸ் பின்னால் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இந்தப் பாதியைத்தான். மறுநாள் நடக்கலாம் என்பது உண்மை. மறுநாளே புண் மூடாது.

ஆபரேஷன் எல்லோருக்கும் கிடையாது. ஆழச் சிரை அடைபட்டவர்கள், வயதாகி நடமாட்டமே இல்லாதவர்கள், ஸ்கேனில் மூடுவதற்கென்று கெட்ட மேல் சிரையே தெரியாதவர்கள் ஆகியோருக்குக் கட்டுதான் சிகிச்சை. உள்ளங்கை அகலத்துக்குப் பரந்த புண்ணுக்குச் சில நேரம் தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். சிரையைச் சரிசெய்யாமல் தோலை மட்டும் ஒட்டினால், ஒட்டின தோலும் அதே அழுத்தத்தில்தான் இருக்கும், மறுபடி உடையும்.

எங்கே போவது, லீவு எப்படி எடுப்பது?

ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரியின் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்கான தனித் துறை அங்கே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் காட்டலாம். பூந்தமல்லிக்காரர்களுக்குப் போரூர் வரையிலான சாலையில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பக்கம். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் பிரயோஜனம் இல்லை.

எஸ்டேட் தொழிலாளிகள் பலருக்குக் கையில் இருக்கிற, ஆனால் நினைவில் இல்லாத ஒன்று ஈ.எஸ்.ஐ. கார்டு. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருகிறார்கள். அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் உள்ளன. சிகிச்சை மட்டும் இல்லை. டாக்டர் சான்று கொடுத்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். மேலே சொன்ன 56 நாளையும் 82 நாளையும் இந்த 91-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘லீவு போட்டா சோத்துக்கு என்ன பண்றது?’ என்று புண்ணோடு நிற்கும் பலர், முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

லீவு என்றால் படுத்தே கிடப்பதும் இல்லை. உட்காரும்போது ஸ்டூல் மேல் கால், படுக்கும்போது இதய மட்டத்துக்கு மேலே கால், நடுநடுவே கட்டோடு நடை. கட்டு காலில் இருக்கும்போது நடப்பது மோட்டாரை ஓட விடுவது மாதிரி. ஆகாதது அசையாமல் நிற்பதுதான். நின்றே ஆக வேண்டிய வேலை என்றால் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். பத்து பதினைந்து தடவை, மணிக்கு ஒருமுறை.

கடை, ஜவுளி ஷோரூம் ஊழியர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கிவிட்டது. கேரளா 2018-லேயே இதைச் செய்தது. நாற்காலி போட்டிருக்கிறார்களா, போட்ட நாற்காலியில் உட்கார விடுகிறார்களா என்பது வேறு கதை.

ஆறின பிறகு

புண் மூடின அன்றைக்கே கட்டைக் கழற்றி எறிந்து, பழையபடி வேலைக்கு ஓடுவதுதான் பலர் செய்வது. கட்டு மட்டும் போட்டு ஆற்றியவர்களுக்கு ஸ்டாக்கிங்ஸ் நெடுநாள் துணை. காலையில் எழுந்ததும் மாட்டி, ராத்திரி படுக்கும்போது கழற்ற வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எத்தனை காலம் போட வேண்டும் என்பதை டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்வார். கையால் அலசி நிழலில் காயப் போடுங்கள். வெயிலும் வாஷிங் மெஷின் சூடும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சுமார் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். சுலபமாக மாட்ட முடிகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். புதுசு வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒன்றை அலசும்போது போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு ஜோடியாக வாங்குவது நல்லது. ராத்திரி கழற்றின பிறகு வறண்ட தோலில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம்.

சரியாகக் கட்டியும் மூன்று மாதம் வரை ஆற மறுக்கிற புண், அல்லது ஓரம் தடித்து மேலே எழும்பி வளர்கிற புண் என்றால், ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பல வருஷப் பழம்புண்ணில் அபூர்வமாகப் புற்றுநோய் வருவதுண்டு.

புடைத்த சிரை குளிக்கும்போதோ, சொறியும்போதோ உடைந்து ரத்தம் பீய்ச்சி அடித்தால் பயந்துபோய் எழுந்து ஓடாதீர்கள். நின்றால் இன்னும் அதிகமாக வரும். அங்கேயே படுங்கள். காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். நின்றாலும் நிற்காவிட்டாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.